வாரத்துக்கு விட்ட கப்பி மீன்

என் மாமா சொல்லும் பொய்களுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல மரியாதை உண்டு. அவர் மாட்டுத் தரகர். வேலந்தாவளம் சந்தையில் பல் தேய்ந்த எருது ஒன்றின் முதுகைத் தட்டி, "இன்னும் வெளையாட்டுப் புத்தி போகலீங்க இதுக்கு" என்பார். வாங்க வந்தவர் ஒரு வார்த்தையும் நம்ப மாட்டார். ஆனாலும் சிரித்தபடி நின்று கேட்பார், கடைசியில் ஓட்டிக்கொண்டும் போவார். ஏமாந்தவர்களே அடுத்த தடவையும் மாமாவைத்தான் தேடி வந்தார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னேன். அதை அவர் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் சந்தை சந்தையாகச் சுற்றிக்கொண்டிருந்தவர். வேலந்தாவளத்தில் சந்தை கூடும் நாளில் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் இல்லாத சந்தை நாளாக இருந்தால் என்னையும் கூட்டிப்போவார். மாமா விலை பேசுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். துண்டைக் கைமேல் போர்த்திக்கொண்டு, அதற்குள் எதிராளியின் விரலைப் பிடித்து அழுத்துவார். முகம் மட்டும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

அந்த மாமாவுக்கும் பொய் நின்றுபோகும் ஓர் இடம் இருந்தது. விலை படிந்து, மாட்டின் கயிறு கைமாறப்போகும் நேரத்தில், கயிற்றைத் தன் கையில் பிடித்துக்கொண்டு வாங்குகிறவரிடம் ஒரு கேள்வி கேட்பார். "ஊட்டுல தண்ணி காட்டறது யாருங்க?" பெரும்பாலும் யாராவது ஒருவர் பெயரைச் சொல்வார்கள். "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால், மாமா ஏதோ சாக்குச் சொல்லி அந்த வியாபாரத்தையே கலைத்துவிடுவார். அதே மாதிரி சின்னப் பிள்ளைகள் கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டார். அது அவருடைய சட்டம் மட்டுமல்ல, சந்தை முழுக்க அப்படித்தான். கயிற்றை வாங்கிக்கொள்ள எனக்கு எவ்வளவோ ஆசை. ஒரு தடவைகூட நடந்ததில்லை.

மீன் ஆசை வந்ததற்கு எங்கள் வீடுதான் காரணம். அந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா மட்டும்தான் திரும்பி வந்தாள். வந்தவள் தெற்குப் பக்கத்து அறையில் படுத்தாள், பிறகு வெளியே வரவில்லை. காய்ச்சல் இல்லை, வலி என்றும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் "மேலுக்கு முடியலீங்க" என்று சொல்லும்படி அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். சத்தம் கேட்டால் அம்மாவுக்கு ஆகாது. கட்டுத்தரையில் கன்றுக்குட்டி தாயைத் தேடிக் கத்தியபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாளே அப்பா மாடுகளையெல்லாம் தோப்பின் அந்தக் கடைசிக்கு மாற்றிக் கட்டிவிட்டார். கோழியைப் பிடித்து அத்தை வீட்டுக்கு அனுப்பினார். ரேடியோ நின்றது. நானும் செருப்பில்லாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த வீட்டில் உயிரோடு ஏதாவது ஒன்று என்கூட இருக்க வேண்டும், அது சத்தமே போடக்கூடாது. யோசித்துப் பார்த்தால் மீனைத் தவிர வேறு எது இருக்கிறது?

வேலந்தாவளம் முக்கில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், வளர்ப்பு மீன் கடை ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாசலில் லவ் பேர்ட்ஸ் கூண்டுகள், உள்ளே முயல்கள், சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். கடையை நடத்தியவரை எல்லோரும் சேச்சி என்பார்கள். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், தனியாக இருந்தார். மலையாளத்தைத் தமிழ் மாதிரியும் தமிழை மலையாளம் மாதிரியும் பேசுவார். கல்லாவுக்கு மேலே இரண்டு பாஷையிலும் ஒரு போர்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு உயிருள்ள எதையும் விற்பதில்லை, பெரியவர்களோடு வரவும் என்று அதில் எழுதியிருந்தது. பஞ்சாயத்தில் லைசென்ஸ் கொடுக்கும்போது அப்படி ஒரு விதி சொல்வார்களாம். மற்ற கடைகளில் அந்த விதி டிராயருக்குள் கிடந்தது. சேச்சி கடையில் மட்டும் தலைக்கு மேலே தொங்கியது.

நான் முதலில் தனியாகத்தான் போனேன். பள்ளிக்கூடம் விட்டு நேராகப் போய், வால் மட்டும் மயில் மாதிரி இருந்த சின்னக் கப்பி மீனைக் காட்டி, அது வேண்டும் என்றேன்.

"பெரியவங்க ஆராச்சும் கூட உண்டோ மோளே?"

"அம்மா பின்னால வர்றாங்க" என்றேன்.

"எங்கில் அம்மா வரட்டே" என்று சேச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். பஸ்கள் வந்தன, போயின. சேச்சி என்னை விரட்டவும் இல்லை, பொய் சொல்கிறாயா என்று கேட்கவும் இல்லை. முயலுக்குத் தழை போட்டார், தொட்டியைத் துடைத்தார், நடுவில் ஒரு பன்னைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தார். நான் தின்ற வேகத்தைப் பார்த்துவிட்டு மீதியையும் கொடுத்தார். பொழுது சாயும் நேரத்தில் கடையைச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வரவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவைக் கேட்டேன். "அப்பறம் பாக்கலாம் கண்ணு" என்றார். அந்த நாட்களில் அப்பா எல்லாவற்றுக்கும் சொன்ன பதில் அதுதான். பாவம், சோறு குழைந்துவிட்டது என்று சொன்னாலும் அதையேதான் சொன்னார்.

ஆகவே மாமாவுக்காகக் காத்திருந்தேன். சந்தை நாள் வந்தது. மாமா அம்மாவின் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பி வந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கதான் வாங்கறீங்கன்னு சொல்லிப் போடுங்க மாமா. வாங்கி என்கிட்டக் குடுத்துருங்க."

"இவ்வளவுதானா சாமி? பல்லில்லாத எருதையே வித்துப் போட்டேன், மீனை வாங்க முடியாதா?" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே மீன் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மாமா கடைக்குள் நுழைந்ததே ஒரு அழகு. சந்தைக்குள் நுழைகிற அதே நடை. வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை, கோயமுத்தூர் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை, தொட்டிகளைப் பார்த்து ஒரு புகழ்ச்சி. பிறகு, "ஒரு சோடி கப்பி குடுங்க. எனக்குத்தானுங்க. மீனுன்னா சின்ன வயசுலிருந்து உசுரு" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

சேச்சி என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "வாங்கறது ஆருன்னு அல்ல சேட்டா. வீட்டுல கொண்டு போயி தண்ணி மாத்தறது ஆரு?"

மாமாவின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. நான் காத்திருந்தேன். ஒரு பெயர் சொன்னால் போதும். நான் என்று சொன்னாலும் போதும். அவர் சொல்லவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியலீங்க" என்றார். குரல் சந்தைக் குரலாகவே இல்லை.

எனக்கு அழுகை முட்டியது. ஊரையெல்லாம் ஏமாற்றுகிறவர், எனக்கென்று வந்தால் அரிச்சந்திரன் ஆகிவிடுவாரா?

"சாமி, வெளிய போயி குருவி பாத்துட்டு இரு" என்றார் மாமா.

வெளியே வந்து கூண்டுப் பக்கம் நின்றேன். குருவியையா பார்ப்பேன்? வாசல் வழியாக அவர்களையே பார்த்தேன். மாமா வலது கைமேல் துண்டைப் போர்த்தினார். சேச்சி ஒன்றும் விளங்காமல் அந்தத் துண்டைப் பார்த்தார். மாமா சட்டென்று நினைவு வந்தவராகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்து பேசினார், வெகுநேரம் பேசினார். நடுவில் என் பக்கம் கை காட்டினார். சேச்சி திரும்பி என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்க்கிறவர்கள் பார்ப்பதுபோலத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மீன் வளர்க்க நான் லாயக்கா என்று கணக்குப் போடுகிறார் என நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

கூப்பிட்டார்கள். மாமாவின் முகத்தில் சந்தை திரும்பி வந்திருந்தது.

"சேச்சி மீனு விக்கலை சாமி. போர்டுல எழுதுனது எழுதுனதுதான். உனக்கு வாரத்துக்கு விடறாங்க."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாரம் என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடு உள்ளவருக்குத் தீனி போட ஆளில்லை, தண்ணி காட்ட முடியவில்லை என்றால், பார்த்துக்கொள்ள முடிந்த இன்னொருவரிடம் மாட்டை விடுவார். மாடு இவருடையதுதான், வளர்ப்பது மட்டும் அவர். போடுகிற கன்றில் ஒன்று இவருக்கு, ஒன்று அவருக்கு. வீட்டில் நிலைமை சரியானதும் மாடு உடையவரிடமே திரும்பிவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருந்த இந்த ஏற்பாட்டை மீனுக்குக் கொண்டுவந்த மூளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. விற்றால்தானே வயது வேண்டும்? இது விற்பனையே இல்லையே. குட்டியில் பாதி கடைக்கு, பாதி எனக்கு என்று பேச்சு முடிந்தது. சேச்சி சிரித்தார். போர்டும் பொய்யாகவில்லை, எனக்கு மீனும் கிடைத்தது.

நிபந்தனைகளைச் சேச்சி சொன்னார். சந்தை நாள்தோறும் மீன் ஜாடித் தண்ணியில் கொஞ்சம் ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டு கடைக்கு வர வேண்டும். மீனைத் தூக்கி வர வேண்டாம், தண்ணியைப் பார்த்தாலே மீன் எப்படி இருக்கிறது என்று தெரியுமாம். மீனைத் தொடுகிற கையில் நகம் வளர்ந்திருக்கக் கூடாது. தலைமுடி ஜாடியில் விழக் கூடாது, அதனால் எண்ணெய் வைத்துப் பின்னியிருக்க வேண்டும். நான் சாப்பிட்ட பிறகுதான் மீனுக்குத் தீனி போட வேண்டும். பசியோடு இருக்கிறவர்கள் கை நடுங்கி நிறையக் கொட்டிவிடுவார்களாம். நேரத்தோடு விளக்கை அணைத்துப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீனுக்குத் தூக்கம் கெடும். அந்த வாரம் வீட்டில் நடந்ததையெல்லாம் வந்து சொல்ல வேண்டும், மீன் எதனால் கலங்குகிறது என்று தெரிய வேண்டாமா?

இந்த நிபந்தனைகளில் மீனுக்கானவை எவை, எனக்கானவை எவை என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அன்றைக்கு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, கப்பிச் சோடி நீந்தும் பாலிதீன் கவரை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் அப்பா நிறுத்தினார். புதிதாக வருகிற மாட்டை எப்படி நிறுத்துவாரோ அப்படி. மஞ்சள் தண்ணி கரைத்து வந்து கவரைச் சுற்றித் தெளித்தார், குங்குமம் எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கவரின் முடிச்சில் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஜாடியில் மீனை விட்டதும், வந்த மாட்டுக்கு முதல் தீனி என்று ஒரு துண்டு கடலைப் புண்ணாக்கைப் போட்டுவிட்டார். மறுநாள் ஜாடி கழனித்தண்ணி மாதிரி ஆகிவிட்டது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. நான் கத்த முடியாமல் அழுதேன். அப்பாவும் நானும் குனிந்து, ஒரு தம்ளர் ஒரு தம்ளராக, சத்தம் கேட்காமல் தண்ணி மாற்றினோம். தம்பி போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அப்பாவை நான் மேய்த்தேன். "சோறு ஆச்சுங்களா? மீனுக்குத் தீனி நேரம் ஆச்சு" என்று நிற்பேன். அப்பா அவசரமாக அடுப்பைப் பற்ற வைப்பார். நானும் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டு எழுவேன், இல்லையென்றால் மீன் பட்டினி.

சந்தை நாளில் குப்பியோடு போவேன். சேச்சி குப்பியை வெளிச்சத்தில் ஒருதரம் தூக்கிப் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நகத்தைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், காதுக்குப் பின்னால் பார்ப்பார். கல்லா டிராயரில் எனக்கென்று ஒரு சீப்பு வந்துவிட்டது. பின்னிக்கொண்டே கேட்பார். "அம்மா எந்து செய்யுன்னு?"

"படுத்திருக்காங்க."

"உன்னோடு மிண்டியோ, பேசியோ?"

"இல்ல."

"சரி, தலையை ஆட்டாதே."

அவ்வளவுதான். ஐயோ பாவம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் எல்லோரும் அதைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சொல்லாத ஒருவரைத் தேடி வாராவாரம் ஓட எனக்குக் காரணம் இருந்தது.

சில மாதங்களில் பெண் மீனின் வயிறு உப்பியது. வாலுக்கு முன்னால் கறுப்பாக ஒரு புள்ளி. சேச்சியிடம் சொன்னேன். குட்டி போடப் போகிறது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். கப்பி தான் போட்ட குட்டியைத் தானே தின்றுவிடும்.

"ஏனுங்க? அதுக்கு அதும்புட குட்டியப் புடிக்காதா?"

சேச்சி என் பின்னலின் நுனியை முடிந்தார். "புடிக்காம அல்ல மோளே. அந்த நேரத்துல அதுக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள் வேற வேற தண்ணியில வெச்சா மதி, போதும். பின்னே சேர்த்து விட்டா ஒண்ணும் செய்யாது." பிறகு கேட்டார். "வீட்டுல சத்தமே இல்லாத எடம் ஏது?"

"அம்மா ரூம்பு" என்றேன்.

"எங்கில் ஜாடி அவிடத்தான் இருக்கணும்."

அந்த அறைக்குள் நான் போகக் கூடாது என்றேன். மாமா வைப்பார் என்றார் சேச்சி. அன்று மாலை மாமாவே வந்து, ஆண் மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, ஜாடியைத் தூக்கிக்கொண்டு அம்மா அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமா ஜன்னல் திட்டில் ஜாடியை வைத்தார்.

"அக்கா, இது குட்டி போடற சமயமாம். போட்டதைத் தானே தின்னு போடுமாம். கொஞ்சம் பாத்துக்குங்க."

அம்மா திரும்பவில்லை. மாமா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேள்வி கேட்டுத்தானே கயிறு கொடுப்பார்? திரும்பிக்கூடப் பார்க்காத ஆளிடம் என் மீனை ஒப்படைத்துவிட்டு வருகிறாரே, இதுதான் இவர் தரகு செய்கிற லட்சணமா? மாமாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு லீவு நாள். அப்பா தோப்பில் இருந்தார். நான் சமையலறையில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தெற்கு அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கண்ணு! டீ வடிகட்டி எடுத்துட்டு ஓடியா!"

அது யார் குரல் என்று எனக்கு ஒரு நொடி தெரியவில்லை. அவ்வளவு சத்தமான குரலை அந்த வீடு மறந்து போயிருந்தது. வடிகட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். போகக் கூடாத அறை என்பதும் மறந்துபோய்விட்டது. அம்மா ஜன்னல் திட்டுக்கு முன்னால் முழங்காலிட்டு இருந்தாள். அவிழ்ந்த தலை, நழுவிய சேலை. ஜாடிக்குள் கண்ணும் ஒரு நூல் வாலுமாகக் குட்டிகள் சிதறிக்கொண்டிருந்தன. பெரிய மீன் ஒவ்வொன்றின் பின்னாலும் திரும்பித் திரும்பிப் பாய்ந்தது.

"கிண்ணம்! பச்சத் தண்ணி வேண்டாம், இதுலயே மொண்டு ஊத்து. இங்க புடி, இங்க... அந்தா அடியில ஒண்ணு போகுது பாரு!"

அம்மா வடிகட்டியால் அள்ளி அள்ளிக் கிண்ணத்தில் கவிழ்த்தாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய மீனைக் கையால் ஒதுக்கி, "போ, போ அக்கட்ட. உன்ற கொழந்தை அது. உன்ற கொழந்தை" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து ஜாடிக்குள் விழுந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"ஒண்ணைத் தின்னுருச்சாம்மா?" என்று கேட்டேன். அதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"தின்னுருந்தாலும் அதும்மேல தப்பில்ல கண்ணு" என்றாள் அம்மா. கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள். பிறகு என் தலைமேல் ஈரக் கையை வைத்தாள். முடியைத் தடவிப் பார்த்தாள். "யாரு பின்னி உட்டது?" என்று கேட்டாள்.

அன்றோடு அம்மா எழுந்து சமைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சொன்னால் அது மாமா சொல்கிற ரகமாகிவிடும். எழுந்த நாட்களும் இருந்தன, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிய நாட்களும் இருந்தன. ஆனால் கிண்ணத்துக்குத் தண்ணி மாற்றுவதை அவள் யாரிடமும் விடவில்லை. ஜாடியை அறையை விட்டு வெளியே எடுக்கவும் விடவில்லை. மீனைப் பார்க்க நான் அங்கே போக வேண்டியதாயிற்று, போனால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியதாயிற்று.

நடந்ததைச் சேச்சியிடம் சொல்ல ஓடினேன். முயல் தீனி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "டீ வடிகட்டின்னா விளிச்சது? உறக்கேயோ, சத்தமாயிட்டோ? ஒண்ணு கூடிச் சொல்லு" என்று முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னார். குட்டி எத்தனை என்று கேட்கவே இல்லை. பாதி அவருடைய பங்கு அல்லவா? தன் சொத்தில் இவ்வளவு அக்கறையில்லாத மனுஷியா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு சந்தை நாள், பின்னலோடு போய் நின்றேன். டிராயரைத் திறந்து சீப்பை எடுத்தவர் என் தலையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஆரு பின்னியது?"

"அம்மா."

பின்னலைக் கையில் எடுத்து நுனிவரை உருவிப் பார்த்தார். "நல்லாயிட்டுண்டு" என்றார். சீப்பை டிராயருக்குள் வைத்து மூடினார். அன்று எனக்குப் பன் கொடுக்கவும் மறந்துவிட்டார்.

குட்டிகளின் வாலில் நிறம் ஏறிய பிறகு பங்கு பிரிக்கும் நாள் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்த சேலையில் பாச்சை உருண்டை வாசம் வீச, அம்மா புறப்பட்டு நின்றாள். அப்பா வாசல்வரை வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் குடையை நீட்டினார். வானத்தில் மேகமே இல்லை. அம்மா அதை வாங்கிக்கொண்டாள். குட்டி மீன்களைத் தூக்குப் போசியில் விட்டு மாமா எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் போசியை மடிமேல் வைத்துக்கொண்டு, பேச்சே இல்லாமல் வந்தார். அவர் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை.

கடை வாசலில் அம்மா தயங்கி நின்றாள். நான் முன்னால் ஓடினேன். சேச்சி வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடித்து நகத்தைப் பார்த்துக்கொண்டே, விளையாட்டாக அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்.

"பெரியவங்க ஆராச்சும் கூட உண்டோ மோளே?"

"நான் வந்திருக்கறனுங்க" என்றாள் அம்மா, பின்னாலிருந்து.

சேச்சி நிமிர்ந்தார். இரண்டு பேரும் அதற்குமுன் பார்த்துக்கொண்டதில்லை. மாமாதான் அறிமுகம் செய்திருக்க வேண்டும், ஆனால் அவர் லவ் பேர்ட்ஸ் கூண்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சேச்சி போசியை வாங்கி, குட்டிகளை வலையால் அள்ளி இரண்டு கவரில் போட்டார். தன் பங்குக் கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டார். எங்கள் பங்கை முடிச்சுப் போட்டு மேசைமேல் வைத்தார். என் மணிக்கட்டை மறுபடி பிடித்துக்கொண்டார்.

"இனி வீட்டுல தண்ணி மாத்தறது ஆரு?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நானுங்க" என்றாள் அம்மா. "நானிருக்கறனுங்க."

சேச்சி பிடியை விடாமல் என்னைக் கூட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். என் கையை அம்மாவின் கையில் வைத்தார். இரண்டு கைகளையும் சேர்த்து ஒருதரம் அழுத்தினார். "நல்லா வளரட்டே" என்றார். சந்தையில் கயிறு கொடுக்கிறவர்களும் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். மீனைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் விரல்கள் நோகும்படி பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் வந்தார். சேச்சி எங்களை வழியனுப்பாமல் முயல் கூண்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

மேசைமேல் எங்கள் மீன் கவர் அப்படியே இருந்தது.

"மீனு! மீனு!" என்று கத்தினேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை. மாமாவுக்கும் கேட்கவில்லை. கடைக்காரருக்காவது கேட்டிருக்க வேண்டும், அவரையும் காணோம். பதினெட்டு வயதைத் தாண்டிய பெரியவர்கள் மூன்று பேர் இருந்தும், வந்த காரியத்தை மறந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போகிறார்களே, இவர்களை நம்பியா உயிருள்ளதைக் கொடுக்கச் சொல்லி போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.